சுவரோரத் தண்ணீர்

கண்ணு, உனக்கு ஆய்வகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னபோது, பின்னால் நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. "மூளைக்குள்ள முடி ஆடுதாம், அதைப் பாக்கப் போறாளாம்" என்று அவள் அலுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷம் அந்த முடி ஆடுவதைப் பார்த்தே வயிறு வளர்த்தவள் உன் பெரியம்மா. அதனால் உன் அம்மா சொன்னதில் பிழை இல்லை என்று சான்றிதழே தருவேன். மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன, வெண்ட்ரிக்கிள் என்கிறோம். அவற்றின் சுவர் முழுக்க எபென்டைமல் செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் கொத்தாகக் குற்றிழைகள். ஆய்வகத்தில் யாரும் குற்றிழை என்று சொல்ல மாட்டார்கள், சிலியா என்பார்கள், ஒன்றை மட்டும் சொன்னால் சிலியம். அவை அடிக்க அடிக்கச் சுவரை ஒட்டிய நீர் நகர்கிறது. அந்த நீருக்குப் பாடப்புத்தகத்தில் மூளைத் தண்டுவடத் திரவம் என்று பெயர், ஆஸ்பத்திரியில் சிஎஸ்எஃப், ஊரில் முதுகுத் தண்ணி.

பாடம் நடத்த உனக்குப் பேராசிரியர் இருக்கிறார். நான் வழுக்கி விழுந்த இடங்களை மட்டும் காட்டுகிறேன். எண் போட்டிருப்பது நீ தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். எது பெரிது எது சிறிது என்று அதில் பார்க்காதே.

1. முதலில் அளவைக் கைக்குள் கொண்டுவா. வளர்ந்த மனிதரிடம் இந்தத் திரவம் ஏறக்குறைய 150 மில்லி இருக்கும். நம் வீட்டுக் காபி டம்ளர் ஒன்று. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது, பெரும்பகுதி கோராய்ட் பிளெக்ஸஸ் என்கிற ரத்தக்குழாய்க் கொத்திலிருந்து. அந்த டம்ளர் தினம் மூன்று நான்கு தடவை காலியாகி நிரம்புகிறது என்று வைத்துக்கொள். ஒரு சிலியத்தின் நீளமோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தடிமன் அந்த நீளத்திலும் நாற்பதில் ஒன்று. விநாடிக்குப் பத்திலிருந்து நாற்பது தடவை அடிக்கும். இந்த எண்களைத் தெரிந்து வைத்திருந்தால், யார் என்ன சொன்னாலும் 'இத்தனூண்டு இழை அத்தனை தண்ணீரை எப்படித் தள்ளும்?' என்று மனசு தானாகக் கேட்கும். எனக்கு அந்தக் கேள்வி வரவே பத்து வருஷம் ஆனது.

2. தண்ணீர் ஓடுவதைக் கண்டதும் தள்ளுவது யார் என்று முடிவு கட்டிவிடாதே. எம்.எஸ்சி. படிக்கும்போது எங்களுக்குத் தவளைப் பரிசோதனை ஒன்று உண்டு. தவளையின் உணவுக்குழாயைத் திறந்து, பலகையில் ஊசி குத்தி விரித்து, மேலே ஒரு சின்னக் கார்க் துண்டை வைப்போம். சிலியா அதை வயிற்றுப் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். கடிகாரம் வைத்து நேரம் குறிக்க வேண்டும். என்னுடைய கார்க்தான் வகுப்பிலேயே வேகமாகப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடம் நடத்திய ஐயா வந்தார், நோட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பலகையை அப்படியே திருப்பி வைத்தார். கார்க் நகர்வேனா என்றது. அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. "உன் சிலியா கெட்டிக்காரி இல்லம்மா, உன் மேஜைதான் கெட்டிக்காரி" என்றார்.

மூளையிலும் அந்தக் குட்டைக் கால் மேஜை உண்டு. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ரத்தக்குழாய்கள் விம்மி, வெண்ட்ரிக்கிள் நீரை முன்னும் பின்னும் ஆட்டுகின்றன. மூச்சும் ஆட்டுகிறது. எம்ஆர்ஐ-யில் மனிதரிடம் பார்க்கிற பெரிய அசைவெல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலைதான். மீன்குஞ்சில் அது வாலை ஆட்டினாலே உள்ளே நீர் குலுங்கும். ஆகவே எந்த ஓட்டத்தைக் கண்டாலும் பலகையைத் திருப்பிப் பார்: இதயத்தை நிறுத்தினால் மிச்சம் என்ன, உடம்பை அசையாமல் வைத்தால் என்ன, சிலியாவை முடக்கினால் என்ன. மூன்றையும் செய்யாமல் எழுதிய கட்டுரைகளில் ஒன்றில் என் பெயரும் இருக்கிறது. எது என்று கேட்காதே.

3. சின்னதன் வேலையைச் சின்னதாகவே மதிக்கக் கற்றுக்கொள். 'சிறு துளி பெருவெள்ளம்' என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இந்தத் துறையில் அது பொருந்தாது கண்ணு. கோடி சிலியா சேர்ந்தாலும் அந்த ஓட்டம் வெள்ளம் ஆவதில்லை. சுவரோரத்து மெல்லிய ஏடாகவே நின்றுவிடுகிறது. நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள். நடுவில் மடை திறந்த வேகம். கரையோரத்தில் கோரைக்கு நடுவே நீர் தன்போக்கில் சுழித்துக்கொண்டிருக்கும். ஆனால் நண்டு வளையும் மீன்குஞ்சும் அந்தக் கரையோரத்தில்தானே? மூளைச் செல்களும் சுவரில்தான் இருக்கின்றன. நடு ஆற்றில் ஒருவரும் குடியில்லை.

2016-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ரெஜினா ஃபௌபெல், கிரெகோர் ஐக்கெல, எபர்ஹார்ட் போடன்ஷாட்ஸ் ஆகியோர் இருந்த குழு, சுண்டெலியின் மூன்றாம் வெண்ட்ரிக்கிள் சுவரை வெட்டியெடுத்து, ஒளிரும் நுண்மணிகளைத் தூவி, அவை போகிற தடத்தைப் பின்தொடர்ந்தது. ஒரே திசையில் ஓடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கே ஒரு வரைபடமே கிடைத்தது. பிரிகிற தடம், சேர்கிற தடம், சுழல், இரண்டு ஓட்டங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிற எல்லைக்கோடு. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2006-இல், கசுனோபு சவமோட்டோவும் ஆர்துரோ அல்வாரெஸ்-புய்யாவும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். வளர்ந்த சுண்டெலியின் மூளையில் புதிதாகப் பிறக்கும் நியூரான்கள் முகர்வுக் குமிழை நோக்கி நெடுந்தூரம் நடந்து போகின்றன. வழியைச் சொல்வதில் இந்த ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. கோராய்ட் பிளெக்ஸஸ் சுரக்கும் 'இந்தப் பக்கம் வராதே' என்கிற புரதத்தை, ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் நீர்த்தும் இருக்கும்படி சிலியா பரப்பி வைக்கிறது. சிலியா கெட்ட எலிகளில் அந்தப் பிள்ளைகள் வழி தவறுகின்றன.

என்னை உட்கார வைத்தது நார்வேயின் ட்ரோண்ட்ஹைமிலிருந்து 2019-இல் வந்த வேலை. நத்தாலி யூரிஷ்-யாக்ஸியின் குழு ஜீப்ரா மீன் குஞ்சுகளில் பார்த்தது. ஓட்டம் என்றால் கலப்பது என்றே நான் காலமெல்லாம் நினைத்திருந்தேன், வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் கண்டது, சிலியாவின் ஓட்டம் ஒவ்வொரு அறையின் நீரையும் அந்தந்த அறைக்குள்ளேயே சுழலவைத்துப் பிரித்து வைக்கிறது என்பதை. அறைக்கு அறை நீர் கலக்க மீன் உடம்பை அசைக்க வேண்டியிருக்கிறது. சிலியா நின்றுபோனால் அறைகளை இணைக்கும் வழிகளே ஒழுங்காக அமைவதில்லை. படித்துவிட்டு வாசல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லிக்கொடுத்த எத்தனை பிள்ளைகள் அந்த அரைகுறையைச் சுமந்துகொண்டு போயிருப்பார்கள்!

4. உன் கருவியைவிட உன் அறையைச் சந்தேகப்படு. ஒரு சமயம் எலி மூளைத் துண்டுகளில் சிலியா காலையில் மெதுவாகவும் மாலையில் விரைவாகவும் அடிப்பதைக் கண்டுபிடித்தேன். இரண்டு மாசம் தூக்கமில்லை. பெரிய பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்போது எங்கள் அறையைக் கூட்டும் அம்மாள், "ஏசிய காலையில போட்டா மத்தியானம் நிறுத்திடுறாங்க, வேர்க்குது" என்று யாரிடமோ குறைபட்டது காதில் விழுந்தது. சூடு ஏறினால் சிலியா வேகமாக அடிக்கும். அதுதான் என் கண்டுபிடிப்பு. கோட்டிங்கன்காரர்கள் பின்னால் ஓட்டத்தின் தடம் நாளின் நேரத்துக்கேற்ப மாறுவதை நிஜமாகவே காட்டினார்கள் என்பதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கேள்வி சரியாகத்தான் இருந்திருக்கிறது, என் தெர்மாமீட்டர்தான் பெட்டிக்குள் இருந்தது. அறையைக் கூட்டுபவரிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசு. அவருக்கு உன் அறையை உன்னைவிட நன்றாகத் தெரியும்.

5. எலியின் பயத்தைப் பிள்ளைக்கு ஏற்றாதே. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சிலியா பிறவியிலேயே சரியாக அடிக்காத ஒரு நோய் உண்டு, பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. ஓயாத சளி, இருமல், காதில் சீழ். பாதிப் பேருக்கு இதயமும் ஈரலும் பக்கம் மாறியிருக்கும். கருவில் இடது வலது பிரிவதே ஒரு குட்டிக் குழியில் சிலியா சுழற்றுகிற நீரோட்டத்தால்தான். 1998-இல் டோக்கியோவில் ஹிரோகாவாவின் குழு சுண்டெலிக் கருவில் அதைக் காட்டியது. ஒருமுறை பேச்சு முடிந்து இறங்கும்போது ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து, "பாப்பாவுக்கு இந்த நோய்தான். மூளைக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் எலிகள். சிலியா செத்த எலிக்குட்டிகளுக்குத் தலையில் நீர் கோத்து மண்டை வீங்கும். அதை அப்படியே சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது.

பக்கத்தில் நின்ற குழந்தை மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்: "எலிக்கு வந்தா பிள்ளைக்கும் வரணும்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த நோயுள்ள மனிதரிடம் தலையில் நீர் கோப்பது மிக அரிது. மனித மூளையின் அறைகள் பெரியவை, அங்கே நீரை ஆட்டுவதில் பெரும்பங்கு இதயத்துக்கு. எலியின் குறுகிய வழிகளில் சுவரோரமே முக்கால்வாசி இடம். நான் திரும்பி ஓடினேன், அந்தத் தாய் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். தெரிந்ததைச் சொல்வதற்கு முன் 'எந்த உயிரில் தெரிந்தது' என்பதைச் சொல். அதையும் நோயாளியின் வீட்டாரிடம் நீயாகச் சொல்லாதே, மருத்துவரிடம் அனுப்பு.

6. வயசாகிவிட்டது என்று யாரையும் தள்ளிவைக்காதே. உன் தாத்தாவைப் பற்றித்தான் சொல்கிறேன். கடைசிக் காலத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நடந்தார். பிறகு மறதி. பிறகு கக்கூஸுக்குப் போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். அதற்காக வெட்கப்பட்டு வெளியே வருவதையே நிறுத்தினார். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை 1965-இல் உலகுக்கு எழுதியவர் கொலம்பியாவின் பொகோட்டாவைச் சேர்ந்த சலோமோன் ஹக்கீம். விபத்தில் அடிபட்ட பதினாறு வயதுப் பையனிடமிருந்து தொடங்கியது அவர் கதை: அறைகள் விரிந்திருக்கின்றன, அழுத்தமோ அளவோடு இருக்கிறது, ஆனாலும் கொஞ்சம் நீரை எடுத்ததும் பையன் தெளிகிறான். இதை வருஷா வருஷம் வகுப்பில் நடத்தியவள் நான். வீட்டில் அந்த மூன்றும் கண்ணெதிரே நடமாடியபோது 'எண்பது வயசுக்கு இது சகஜம்' என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு நரம்பியல் மருத்துவர்தான் முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் தாத்தாவை வராந்தாவில் நடக்கவைத்துப் பார்த்தார். தலையில் சேரும் நீர் வடியக் குழாய் வைத்த பிறகு தாத்தா வாசல் கேட்டுவரை தானே நடந்து போய்ப் பால்காரரிடம் பேசினார். மறதி முழுக்கத் திரும்பவில்லை. இரண்டு வருஷம் முன்னால் போயிருந்தால்?

2019-இல் ஜப்பானில் இந்த நோய் பரம்பரையாக வருகிற ஒரு குடும்பத்தில் சிலியாவைக் கட்டுவதற்கு வேண்டிய ஒரு ஜீன் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். அதே ஜீனைக் கெடுத்த எலிகளிலும் சிலியா கோணலாகி நீர் கோத்தது. எல்லாருக்கும் இதே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனால் உன் நுண்ணோக்கியில் தெரிவதற்கும் உன் தாத்தாவின் நடைக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

7. ஆடாதது சும்மா இருக்கிறது என்று எண்ணாதே. அநேகமாக எல்லா நியூரானிலும் ஒற்றைச் சிலியம் ஒன்று அசையாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பரிணாமம் மறந்துபோன வால் என்று எங்கள் காலத்தில் அதை ஒதுக்கினோம். அது அக்கம்பக்கத்துச் செய்தியைக் கேட்கிற காது என்பது பிறகு தெரிந்தது. 2022-இல் செரடோனின் நரம்பிழைகள் அந்த ஒற்றைச் சிலியத்தோடு நேரடியாகச் சினாப்ஸ் என்கிற இணைப்பைப் போட்டிருப்பதையே கண்டார்கள். நான் ஒதுக்கிய பழைய படங்களில் அது எத்தனை தடவை தெரிந்ததோ!

8. செத்துப்போனவர்கள் கண்டதை எள்ளாதே. 1860-இல் எர்ன்ஸ்ட் ரைஸ்னர் என்பவர் லாம்ப்ரே என்கிற மீனின் தண்டுவட நடுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய நூலைப் பார்த்தார். நுண்ணோக்கிக்காகப் பதப்படுத்தும்போது வந்த கோளாறு என்று பலர் சொன்னார்கள். நானும் ஒரு மாணவனிடம் அதை மதிப்பெண் வராத சமாச்சாரம் என்று சொல்லி முளையிலேயே கிள்ளினேன். 2018-இல் பாரிஸில் கிளேர் வியார்ட்டின் குழு ஜீப்ரா மீனில் காட்டியது, அந்த நூல் இல்லையென்றால் குஞ்சின் உடம்பு நேராவதே இல்லை. நூல் உருவாவதற்குச் சிலியா அடிக்க வேண்டும். சிலியாவின் ஓட்டம் கெட்ட மீன்களுக்கு வளரும் பருவத்தில் முதுகெலும்பு கோணுவதை 2016-லேயே வேறொரு குழு காட்டியிருந்தது. வளரிளம் பிள்ளைகளின் முதுகெலும்புக் கோணலுக்கும் இதுதான் காரணமா என்பது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது. என் மாணவன் அப்போதே கேட்டான். இப்போது வங்கியில் இருக்கிறான்.

9. சண்டை நடக்கிற இடத்தில் கட்சி சேராதே. தூக்கத்தில் இந்தத் திரவம் மூளையைக் கழுவுகிறது என்று 2013-இல் மைக்கன் நெடர்கார்டின் குழு எழுதியது. எல்லாப் பத்திரிகையும் கொண்டாடியது. 2024-இல் லண்டனிலிருந்து வந்த கட்டுரை, எலியில் அளந்து பார்த்தால் தூக்கத்தில் கழுவுவது குறைகிறது என்றது. இரண்டையும் படி, இரண்டு பேரும் எதை எப்படி அளந்தார்கள் என்று பார். ஒருவரை ஒருவர் ஏசுவதைப் படிக்காதே. அது ருசியாக இருக்கும், வேலைக்கு உதவாது.

10. மீனைப் பார்த்துக்கொள். ஜீப்ரா மீன் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதே. 1822-இல் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி எழுதிய நூலில் அதற்குப் பெயர் வைத்தார். அமெரிக்காவில் ஓரிகனில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வக மீனாக்கினார். நான் வாங்கிய முதல் ஜோடி கொளத்தூர் வண்ணமீன் கடையில், பாலித்தீன் பையில் காற்றடைத்துத் தந்தது. முட்டை போட்ட இரண்டாம் நாளில் கண்ணாடிபோல இருக்கும் அந்தக் குஞ்சின் மூளைக்குள் சிலியா அடிப்பதை உயிரோடு பார்க்கலாம். அதை முதன்முதலாகப் பார்க்கும்போது பேசாமல் பார். கேமராவை ஆன் செய்ய அவசரப்படாதே.

என் முதல் கூட்டம் முழுக்கச் செத்தது ஒரு தீபாவளி விடுமுறையில். தீனியாக ஆர்ட்டீமியா போடுகிறேன் என்று சொன்ன பையனும் ஊருக்குப் போய்விட்டான், அவன் போடுவான் என்று நானும் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அவற்றைக் கொல்ல வேண்டிவரும், அதற்கென்று முறை இருக்கிறது, வலியில்லாமல் செய்யக் கற்றுக்கொள். மறதியால் கொல்லாதே.

திங்கட்கிழமை சேரப்போகிறாய். உன் மேஜை எது, சம்பளம் எப்போது வரும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனுக்குத் தீனி போடுவது யார் என்பதை மட்டும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்.